சர்க்கரை ஆலை நீர்ச் சோதனை: என்ட்ரெய்ன்மென்ட் என்பதற்குச் ‘சாரல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆலை ஆய்வகத்துக்கான நீர்ச் சோதனைக் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலையில், என்ட்ரெய்ன்மென்ட் (கொதிக்கும் சாற்றின் நுண்துளிகளை ஆவி தன்னோடு கொண்டுபோவது) என்ற ஒரு சொல்லில் நாம் எல்லோரும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். கடினத்தன்மை, காரத்தன்மை, கரைந்த திண்மம் எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே பழகிய சொற்கள், அவற்றைத் தொட வேண்டியதில்லை. இந்த ஒன்றுக்கு இதுவரை வந்தவை மூன்று: உடன்கடத்தல், உடனிழுப்பு, ஈர்த்துச்செல்கை. மூன்றையும் சோதனைக் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் மனதுக்கு ஒட்டவில்லை. நான் சொல்ல நினைப்பது ‘சாரல்’. காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆலைப் பக்கம் வராத நண்பர்களும் இங்கே இருக்கிறார்கள்.

கரும்பின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர். ஆவியாக்கிக்குள் போகும் சாற்றில் கரைந்த பொருள் 15 விழுக்காடு அளவில் இருக்கும். அது பாகாக வெளியே வரும்போது 60-ஐத் தாண்டியிருக்க வேண்டும். இடையில் உள்ள நீர் முழுவதும் ஆவியாகப் போயாக வேண்டும். அவ்வளவு நீரையும் புது நீராவியாலேயே கொதிக்க வைத்தால் எரிபொருள் கட்டுப்படியாகாது. அதனால்தான் பாத்திரங்களை வரிசையாக வைத்து, ஒன்றில் எழும் ஆவியால் அடுத்ததைச் சூடாக்குகிறோம். நார்பெர்ட் ரில்லியூ 1843-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றும் அதே தத்துவம்தான். ஆலையில் இந்தப் பாத்திரங்களை முதல் பாடி, இரண்டாம் பாடி என்றுதான் சொல்கிறார்கள். கையேட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

அடுத்த பாடியைச் சூடாக்கிவிட்டு ஆவி நீராகி இறங்குகிறதே, அதுதான் கண்டன்சேட். அதற்கு ‘ஆவிநீர்’ என்று ஒருவர் முன்பே எழுதியிருந்தார். எனக்கு அது முழுச் சம்மதம். நீர் ஆவியானால் நீராவி, அந்த ஆவி திரும்ப நீரானால் ஆவிநீர். வடிநீர் என்றால் வடிகட்டிய நீரோ வடிகால் நீரோ என்ற குழப்பம் வரும். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

முதல் பாடியின் ஆவிநீர் சாற்றைத் தொட்டதே இல்லை. டர்பைனை ஓட்டிவிட்டு வரும் நீராவிதான் அங்கே நீராகிறது. அதனால் அது நேராகக் கொதிகலனுக்குத் திரும்புகிறது. இரண்டாம் பாடியிலிருந்து இறங்குவது அப்படியல்ல. அது சாற்றுக்குள் இருந்து எழுந்த ஆவி. சர்க்கரை ஆவியாகாது என்பதால், கணக்குப்படி அந்த நீரும் சுத்தமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கொதிக்கும் சாறு சும்மா இருப்பதில்லை. குமிழி உடையும்போதெல்லாம் பொடிப்பொடியாகத் துளி தெறிக்கிறது. ஆவி மெதுவாக ஏறினால் துளி கீழே விழுந்துவிடும். வேகமாக ஏறினால் துளியையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

கடைசிப் பாடியில் இது இன்னும் அதிகம். 100 டிகிரியில் 1 கிலோ நீராவி 1.67 கன மீட்டர் இடத்தை அடைக்கும். கடைசிப் பாடியில் வெற்றிடம் இருப்பதால் சாறு 50, 55 டிகிரி வாக்கில் கொதிக்கிறது. 54 டிகிரியில் அதே 1 கிலோ நீராவிக்கு 10 கன மீட்டர் வேண்டும். பாத்திரத்தின் அகலம் அதேதான், ஆவியின் பருமன் ஆறு மடங்கு. அப்படியென்றால் வேகமும் ஆறு மடங்கு. அங்கே துளி தப்பினால், கடைசி ஆவியைக் குளிர்நீரால் நீராக்கும் கண்டன்சரின் நீரில் கலந்து போய்விடும், திரும்ப எடுக்கவே முடியாது. அதனால்தான் கண்டன்சருக்குள் போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் தனித்தனியே சோதித்து ஒப்பிடுகிறோம்.

சரி, சோதனைக்கு வருவோம். கழுவிய சோதனைக்குழாயில் 2 மில்லி ஆவிநீர் எடுக்க வேண்டும். ஆல்கஹாலில் கரைத்த ஆல்ஃபா நாப்தால் நாலைந்து சொட்டு விட்டதும் நீர் லேசாகப் பால்போல் கலங்கும். அப்புறம் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தை உட்சுவரை ஒட்டி மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் கலந்து சூடேறிக் கெட்டுவிடும். அமிலம் கனமானது, அடியில் போய்த் தங்கும். மேலே நீர், கீழே அமிலம், நடுவில் ஒரு கோடு. சர்க்கரை இருந்தால் அந்தக் கோட்டில் ஊதா வளையம் விரியும். அமிலம் சர்க்கரையிலிருந்து நீரைப் பிடுங்கி ஃபர்ஃபுரால் வகைப் பொருளாக்குகிறது, அது நாப்தாலோடு சேர்ந்து நிறம் தருகிறது. ஹான்ஸ் மோலிஷ் என்ற தாவரவியலாளர் 1886-இல் வெளியிட்ட சோதனை இது. இத்தனை கருவிகள் வந்த பிறகும் ஷிப்டில் நிற்பவர் முதலில் நம்புவது இந்த வளையத்தைத்தான்.

பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி ஒருநாள் எல்லாப் பாடியின் ஆவிநீரிலும் வளையம் வருகிறது என்று ஓடி வந்தான். கொதிகலனுக்குப் போகும் நீரை உடனே திருப்பிவிட்டார்கள். நான் போய்க் காய்ச்சி வடித்த நீரை எடுத்து அதே குழாயில் சோதித்தேன். அதிலும் வளையம்! கழுவிய குழாயைப் பருத்தித் துணியால் உள்ளே துடைத்துக் காயவைத்திருக்கிறான். துணியின் இழை ஒன்றிரண்டு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. பருத்தி செல்லுலோஸ் அல்லவா, அமிலம் அதை உடைத்தால் அதுவும் சர்க்கரைதான். சக்கைத் தூசி விழுந்தாலும் இதே கதை. அன்றிலிருந்து இப்படிக் காய்ச்சி வடித்த நீரில் வெற்றுச் சோதனை செய்யாமல் எதையும் எழுதக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். குழாயைக் கவிழ்த்து வைத்தே காயவிடுவோம்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வளையம் சொல்வது ‘சர்க்கரை இருக்கிறது’ என்பதை மட்டும். எப்படி வந்தது என்று அது சொல்லாது. கண்டதற்கு ஒரு பெயரும் காரணத்துக்கு வேறொரு பெயரும் வேண்டும். இப்போது ஆலையில் இரண்டுக்கும் ஒரே பேச்சுதான்: கேரி ஓவர். வளையம் வந்தாலும் கேரி ஓவர், துளி போனாலும் கேரி ஓவர், குழாய் ஒழுகினாலும் கேரி ஓவர். கண்டதைச் ‘சர்க்கரைச் சுவடு’ என்று எழுதலாம். மிகக் குறைந்த அளவுக்குச் சுவடு என்ற சொல் ஏற்கெனவே வேதியியல் தமிழில் உண்டு. காரணங்களில் ஒன்றுதான் நாம் பெயர் தேடும் என்ட்ரெய்ன்மென்ட்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறோம். வெளியே மழை. கூரையில் ஓட்டை கிடையாது, ஆனாலும் மேசையில் இருக்கும் தாள் நனைகிறது. என்ன சொல்வோம்? ‘சாரல் அடிக்குது, ஜன்னலைச் சாத்து’ என்போம். காற்று சுமந்து வரும் நுண்துளிக்குத் தமிழில் பெயர் இருக்கிறது, குழந்தைக்கும் தெரியும். பாடிக்குள்ளே நடப்பதும் அதுவேதான். காற்றுக்குப் பதிலாக ஆவி, மழைக்குப் பதிலாகச் சாறு. கூலிங் டவர் ஓரமாக நடந்துபோகிறவர்கள் இப்போதே ‘இந்தப் பக்கம் சாரல் அடிக்குது’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கே ஆங்கிலத்தில் டிரிஃப்ட் என்று இன்னொரு சொல். ஆக, நாம் புதிதாக ஒன்றையும் உண்டாக்கப் போவதில்லை. வாயில் புழங்கும் சொல்லைக் குறிப்பேட்டில் ஏற்றுகிறோம், அவ்வளவே.

அதிலிருந்து பிறக்கும் சொற்களையும் பாருங்கள். பாடியின் தலைப்பகுதியில் துளியைப் பிடிக்க வைத்திருக்கும் அமைப்பு ‘சாரல் தடுப்பு’. அதில் கம்பி வலை இருந்தால் ‘சாரல் வலை’. இந்த வழியில் போன சர்க்கரை ‘சாரலிழப்பு’. வினையாக்க வேண்டுமென்றால் ‘மூன்றாம் பாடியில் சாரல் அடிக்கிறது’. உடன்கடத்தலில் இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். ‘சாறு உடன்கடத்தப்பட்டுள்ளது’ என்று வரும். படிக்கிறவர் திருட்டு என்றுதான் நினைப்பார். ஈர்த்துச்செல்கை நீளம். அதோடு ஆவி துளியை ஈர்ப்பதில்லை, தள்ளிக்கொண்டு போகிறது. பொருளும் சரியில்லை.

இனி, வந்த மறுப்புகள்.

> கொதிகலனிலும் கேரி ஓவர் உண்டு. அதற்கும் சாரல் என்றால் குழப்பம் வராதா?

குழப்பம் வராது, தெளிவுதான் வரும் என்பது என் எண்ணம். கொதிகலனில் நீராவியோடு கொதிநீரின் துளி வெளியேறுகிறது. நிகழ்வு ஒன்றுதான், எதன் துளி என்பதுதான் வேறு. சாற்றுச் சாரல், கொதிநீர்ச் சாரல் என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. சர்க்கரை கலந்த ஆவிநீர் கொதிகலனுக்குள் போனால் அங்குள்ள வெப்பத்தில் சிதைந்து கரிம அமிலமாகிறது. 10.5, 11 என்று நிற்க வேண்டிய பி.எச். சரிகிறது. மாதிரி நீர் பழுப்பாகி, கருகிய சர்க்கரை வாசனை அடிக்கும். குழாய்ச் சுவரில் கரி படியும், இரும்பு அரிக்கும். முக்கியமாக, நீர் நுரைக்கும். நுரைத்தால் கொதிநீர்த் துளியும் அதில் கரைந்த உப்பும் நீராவியோடு போய் டர்பைன் இறக்கையில் படியும். அதாவது ஆவியாக்கியில் அடித்த சாரல், கொதிகலனில் இன்னொரு சாரலைக் கிளப்பிவிடுகிறது. புதிதாக வேலைக்கு வருபவருக்கு இந்தத் தொடர்பைச் சொற்களே காட்டிக்கொடுக்கும்.

> சாரல் என்றால் மலைச்சாரல் அல்லவா?

அதுவும்தான். ஆவிநீர்ச் சோதனைப் பக்கத்தில் மலையை யாரும் நினைக்க மாட்டார்கள். கால் என்ற சொல்லுக்கு எத்தனை பொருள், நமக்கு எங்காவது இடறுகிறதா?

> ஆற்று நீர் மணலைக் கூட்டிச் செல்வதும், நீருக்குள் காற்றுக்குமிழி சிக்கிச் செல்வதும் என்ட்ரெய்ன்மென்ட்தானே?

இது நியாயமான கேள்வி. அங்கே சாரல் பொருந்தாது, பொருத்தவும் கூடாது. இயற்பியலின் பொதுச் சொல்லாக உடனிழுப்பு இருக்கட்டும், அதற்கு நான் எதிரியல்லன். வாயுவில் அல்லது ஆவியில் நீர்மத் துளி போனால் மட்டும் சாரல். ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தால் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவர்கள் என்ட்ரெய்ன்மென்ட், கேரி ஓவர், டிரிஃப்ட் என்று மூன்றாகப் பிரித்ததை நாம் ஒன்றில் அடக்குகிறோம். அவர்கள் ஒன்றில் அடக்கியதை நாம் இரண்டாகப் பிரிக்கிறோம்.

எனக்கே உள்ள ஒரு தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘சாற்றுச் சாரல்’ நாக்கில் கொஞ்சம் இடிக்கிறது. ஆலைச் சத்தத்தில் போனில் சொன்னால் சாறா, சாரலா என்று கேட்பவர் தடுமாறலாம். அதனால் ஆவியாக்கிப் பகுதியில் வெறும் ‘சாரல்’ என்றே எழுதலாம். அங்கே வேறு சாரலுக்கு இடமில்லை. கடைசிப் பாடிக்குப் ‘பாகுச் சாரல்’ என்று வேண்டுமானால் சொல்லலாம், அங்கே சாறு ஏறக்குறைய பாகாகிவிடுகிறது.

மற்ற காரணங்களுக்கும் இப்போதே பெயர் வைத்துவிட்டால் நல்லது. கலண்ட்ரியாக் குழாய் (பாடிக்குள் சாற்றைச் சூடாக்கும் குழாய்) அரித்தோ முனை தளர்ந்தோ சாறு ஆவிப்பக்கம் வந்தால் ‘ஒழுக்கு’. ஓட்டத்தில் இருக்கும்போது ஆவிப்பக்கத்தில்தான் அழுத்தம் அதிகம் என்பதால் பெரும்பாலும் ஆவிதான் சாற்றுக்குள் போகும். நீராவியை நிறுத்தி, உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்கும் நேரத்தில்தான் சாறு இந்தப் பக்கம் உறிஞ்சப்படுகிறது. ஆலை நின்று கிளம்பியதும் வளையம் வந்து, கொஞ்ச நேரத்தில் மறைந்தால் ஒழுக்கைச் சந்தேகப்படுவோம். வேகம் கூடும்போதெல்லாம் வந்து, வேகத்தைக் குறைத்ததும் போனால் சாரல். வீட்டிலும் இப்படித்தானே, நனைந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஒழுகலா சாரலா என்று கண்டுபிடிக்கிறோம்!

குறிப்பேட்டில் பதிவு இப்படி அமையும்: ‘மூன்றாம் பாடி ஆவிநீர்: சர்க்கரைச் சுவடு உண்டு. வெற்றுச் சோதனை: வளையம் இல்லை. ஐயம்: சாரல். சாற்று மட்டம் உயரம். ஆவிநீர் கொதிகலனுக்குப் போகாமல் திருப்பப்பட்டது.’ இதைப் படித்துவிட்டு அடுத்த ஷிப்ட்காரர் என்னிடம் எதையும் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.

மீதி இருப்பது ஒன்று. சாற்று மட்டம் தவறியோ வெற்றிடம் திடீரென்று கூடியோ, துளியாக இல்லாமல் நுரையும் சாறுமாக மொத்தமாகவே ஆவிக்குழாய்க்குள் ஏறிவிடுவது உண்டு. அதைச் சாரல் என்பது சரியாகாது. ‘பொங்கேற்றம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் அது எனக்கு இன்னும் ஒட்டவில்லை. ஆலையில் ‘பொங்கிடுச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். அதிலிருந்து நல்ல பெயர்ச்சொல் ஒன்று யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.