அல்பேனிய மொழியை எந்தப் பக்கம் சேர்ப்பது?

நண்பர்களே, ஒலிமாற்றம் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். வகுப்பில் பேசுவதற்கு அல்பேனிய மொழியை எடுத்துத் தொலைத்துவிட்டேன். அது இந்தோ-ஐரோப்பிய மொழி என்று 1854இல் ஜெர்மன் மொழியியலாளர் ஃபிரான்ஸ் போப் காட்டிவிட்டார், அதில் சிக்கல் இல்லை. பாம்புக்கு அங்கே 'ஜார்பர்', நமக்குத் தெரிந்த சர்ப்பம்தான், முதலில் இருந்த ஸ ஒலி ஜ ஆகிவிட்டது.

குழப்பமெல்லாம் க வகை ஒலிகளில். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் மூலமொழியில் மூன்று வரிசை: அண்ணத்தை ஒட்டிய க, சாதாரண க, உதடு குவித்த க்வ. இதை வைத்து, நூறு என்ற சொல்லின் பெயரால் இரண்டு பக்கமாகப் பிரிக்கிறார்கள்: சமஸ்கிருதம், ஸ்லாவியம் மாதிரி 'சதம்' மொழிகள் பின்னிரண்டையும் ஒன்றாக்கின, லத்தீன், கிரேக்கம் மாதிரி 'கெந்தும்' மொழிகள் முன்னிரண்டை. அல்பேனியத்தில் ஐந்துக்கு 'பெஸ' என்கிறார்கள் (மூலமொழியில் 'பென்க்வெ'), அதாவது எ, இ ஒலிகளுக்கு முன்னால் வந்த க்வ மட்டும் ஸ ஆகியிருக்கிறது, சாதாரண க அப்படி ஆகவில்லை. சரி, அப்படியென்றால் மூன்றும் தனித்தனியாக நின்ற தடயம்தானே இது? பிறகு எப்படி அதைச் சதம் பட்டியலில் போடுகிறார்கள்?

அப்புறம் நூறுக்கு 'க்யிந்த்' என்பதைப் பார்த்துக் கெந்தும் என்று எழுதி, லத்தீன் கடன்சொல் என்று தெரிந்ததும் அடித்தேன். 'பெஸ' போலக் கடன் வாங்காத சொல் இன்னும் இரண்டு மூன்று சொல்லுங்களேன், வியாழக்கிழமை பேச வேண்டும்.