"கார்பன் ஃபில்டரே வேண்டாம்" என்கிறவருக்கு

பென்னாகரத்தான்: கிருஷ்ணகிரியில் ஆர்ஓ விற்கும் தம்பி நேற்று வாட்ஸ்அப்பில் போட்டது: "எங்களிடம் இருப்பது குளோரின் தாங்கும் மெம்பரேன், கார்பன் ஃபில்டரே வேண்டாம்." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. வீட்டு ஆர்ஓவில் உப்பைத் தடுக்கும் மெம்பரேன் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் படலம். தண்ணீர் அதைத் தொடும் முன் குளோரினை எடுப்பது கார்பன் ஃபில்டர்தான். குளோரின் அதன் நைட்ரஜனைப் பிடித்தால் அந்த மெல்லிய படலமே கெட்டுவிடும். தயாரிப்பவர்களே குளோரினை 0.1 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்) கீழே வைக்கச் சொல்கிறார்கள்.

மாங்கனி: எழுதியது நான்தான். எங்கள் மெம்பரேன் 1000 பிபிஎம்-மணி தாங்கும், அதாவது 1 பிபிஎம் குளோரினில் 1000 மணி நேரம். குழாய்த் தண்ணீரில் குளோரின் 0.2 பிபிஎம். அப்படியென்றால் 5000 மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள் அண்ணா.

பென்னாகரத்தான்: போட்டேன். 208 நாள். ஏழு மாதம்கூட இல்லை! இதுவா தாங்குவது? தண்ணீரில் இரும்பு இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும்.

அரூர்_வாத்தியார்: செல்லுலோஸ் அசிடேட் என்ற பழைய வகை மெம்பரேன் 1 பிபிஎம் குளோரின் வரை தாங்கும். 1960 வாக்கில் லோப், சூரிராஜன் என்ற ஆராய்ச்சியாளர்கள் செய்தது அதுதான். தாங்கும் மெம்பரேனே இல்லை என்று சொல்லாதீர்கள்.

பென்னாகரத்தான்: இல்லை என்று எங்கே சொன்னேன் சார்? அது தண்ணீரில் காரத்தன்மை ஏறினால் சிதையும், கிருமியும் அரிக்கும். சல்ஃபோனேட் செய்த பாலிசல்ஃபோன் என்று இன்னொரு வகை குளோரினைத் தாங்குகிறது, ஆனால் உப்பைத் தடுப்பதில் பாலிஅமைடுக்கு ஈடாகவில்லை. தம்பி விற்பது இரண்டும் இல்லை. 208 நாள்!

பாலக்கோடு_தக்காளி: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013லேயே வந்துவிட்டது. உங்களுக்கு எதற்கு ஆர்ஓ?

பென்னாகரத்தான்: நாங்கள் இருப்பது கொட்டாயில், ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் சின்னக் குடியிருப்பில். போர் தண்ணீர்தான். அதில் ஃப்ளோரைடு 1.5 பிபிஎம்மைத் தாண்டினால் பிள்ளைகள் பல்லில் கறை ஏறும். படலம் கெட்டால் அந்த ஃப்ளோரைடும் உள்ளே வரும்.

மாங்கனி: போர் தண்ணீரில் ஏது குளோரின்? மாட்டிக்கொண்டீர்கள் அண்ணா.

பென்னாகரத்தான்: தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோமே, அது குளோரின் இல்லாமல் என்ன? கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஃப்ளோரைடைத் தனியாகக் காட்டாது என்று போன வருஷம் சொன்னதற்கு என்னைக் குழுவிலிருந்து நீக்கியவர்தானே நீங்கள்? நான் மறக்கவில்லை.

மாங்கனி: நீக்கியது அட்மின், நான் இல்லை. 1000 பிபிஎம்-மணி என்று மெம்பரேனின் விவரத் தாளிலேயே அச்சடித்திருக்கிறது.

அரூர்_வாத்தியார்: அட்மினும் அவர் மச்சான்தான்.

மாங்கனி: சார், குடும்பத்தை இழுக்காதீர்கள்.

பென்னாகரத்தான்: சரி, அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள். 0.1 என்று எழுதியிருக்கும் வரியையும் சேர்த்து.

மாங்கனி: கடைக்கு வாங்க அண்ணா, காட்டுகிறேன்.

பென்னாகரத்தான்: இங்கே போடுங்கள் தம்பி.