புதுப்பிப்பு: கல்லிடைக்குறிச்சி அத்தையும் முதியோர் இல்லமும்

குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு அத்தையை இல்லத்தில் சேர்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் போய்ப் பாருங்கள் என்றீர்கள். பாளையங்கோட்டையில் அப்படித்தான் போனோம்.

முதல் இடம் பளபளவென்று இருந்தது. ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேட்டால் வாட்ச்மேனைக் காட்டினார்கள். விண்ணப்பத்தின் பின்பக்கத்தில், படுத்த படுக்கையானால் உறவினர்களே அழைத்துப் போக வேண்டும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அத்தையின் வயதுக்கு முதலில் பார்க்க வேண்டியதே அதுதானே?

அடுத்தது பழைய கட்டடம். ஆனால் கழிப்பறையில் கைப்பிடி இருக்கிறது, ராத்திரி நர்ஸ் இருக்கிறார், மாத்திரை கொடுத்ததை நோட்டில் எழுதுகிறார்கள். அத்தை நேராகச் சமையற்கட்டுக்குள் போய்ச் சொதியை ருசி பார்த்துவிட்டு, "உப்பு கம்மி மருமவனே, ஆனா ஆளுங்க பரவால்ல" என்றார்கள்.

சரி, ஒரு மாதம் தங்கிப் பார்க்கட்டும் என்று முடிவு. பெரிய முன்பணம் கட்டவில்லை. ஊர் வீட்டை வாடகைக்கும் விடவில்லை. பிடிக்கவில்லை என்றால் திரும்பிவர இடம் வேண்டும்.

வீட்டை இப்போதே எழுதி வாங்கிவிடலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. எனக்கு உடன்பாடில்லை. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி, பராமரிப்பதாகச் சொல்லி வாங்கியவர் கைவிட்டால் தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. இது போன்ற சந்தேகங்களுக்கு முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, கட்டணம் கிடையாது.