வைஃபையில் மட்டும் திறக்காத தளம்: டிஎன்எஸ் கேட்டுப் பார்த்த அனுபவம்

வேளச்சேரிக்காரன்:
கீழ்வீட்டுத் தம்பி லேப்டாப்போடு வந்தான். "அண்ணே, இந்த சாஃப்ட்வேர் சைட் மொபைல் டேட்டால வருது, வைஃபைல வரல." அப்படியென்றால் தளம் உயிரோடுதான் இருக்கிறது.

தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி முகவரியைத் தருவதுதான் டிஎன்எஸ். அதைக் கேட்கிற கட்டளையான என்எஸ்லுக்அப்பைக் கமாண்ட் பிராம்ப்டில் அடித்து, தளத்தின் பெயரைப் போட்டேன். வந்த பதில் 127.0.0.1. அது அந்த லேப்டாப்பின் சொந்த முகவரி! பாவம், தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக்கொண்டிருந்தது.

சரி, கூகுளின் டிஎன்எஸ் சர்வரைக் கேட்போம் என்று பெயருக்குப் பின்னால் அதன் முகவரி 8.8.8.8 சேர்த்தேன். அதே பதில். 'டிஎன்எஸ் மாத்தியும் வரல' என்று பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். நான் அடுத்து 192.0.2.1-ஐக் கேட்டேன். ஆவணங்களில் உதாரணம் காட்டவென்றே ஒதுக்கிய எண் அது; அங்கே எந்த சர்வரும் கிடையாது, பதில் வரவே கூடாது. ஆனால் ஜோராக வந்தது, அதே 127.0.0.1! டிஎன்எஸ்ஸின் வழக்கமான வாசலான 53-ஆம் போர்ட்டில் போகிற கேள்வியை யாரோ வழியிலேயே மடக்கிப் பதில் சொல்கிறார்கள். ரவுட்டரை எடுத்துவிட்டு நேராகக் கேபிளில் பார்த்தோம், அப்போதும் அதேதான்; ஆக, மடக்குவது ரவுட்டர் இல்லை.

ஃபயர்பாக்ஸில் டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ் போட்டதும் தளம் திறந்துவிட்டது. கேள்வி ஹெச்டிடிபிஎஸ்ஸின் 443-ஆம் போர்ட் வழியாக மூடிய உறைக்குள் போகிறதே. இணைப்பு கொடுத்தவர்களுக்குப் போன் போட்டால், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

தாம்பரம் மெயில்:
எனக்கு நேர் எதிர். வீட்டு டிஎன்எஸ்ஸும் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1-உம் ஒரே முகவரியைத்தான் தந்தன, ஆனாலும் 'கனெக்‌ஷன் ரீசெட்'. கர்ல் என்ற கட்டளையில் தளத்தை அழைத்துப் பார்த்தால், பாதுகாப்பான இணைப்பைத் தொடங்க நம் பக்கம் அனுப்பும் முதல் செய்தியான கிளையண்ட் ஹலோ போனவுடன் இணைப்பு அறுகிறது. அதற்குள் எஸ்என்ஐ என்று தளத்தின் பெயர் வெளிப்படையாகப் போகும். அதைப் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள். இதற்கு டிஎன்எஸ் மாற்றிப் பிரயோஜனமில்லை.

அடையாறு அண்ணாச்சி:
ஒரு விஷயம் தம்பிகளா. ரெண்டு சர்வர் ரெண்டு ஐபி சொன்னாலே தடை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிடிஎன்னில், அதாவது பல ஊர்களில் நகல் வைத்திருக்கும் சர்வர் வலையில், இருக்கிற தளம் கேட்கிற இடத்துக்கேற்ப வேறு முகவரி தரும், அது சகஜம். 127.0.0.1, 0.0.0.0 மாதிரி வந்தால் சந்தேகப்படணும். காரணம் கேட்டு எழுதியும் பெரிதாகப் பலனிருக்காது. தளங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வந்த உத்தரவென்றால், அதற்கான 2009 விதிகள்படி அது ரகசியம்.