சமாதானம் இல்லாத தாய்க்குக் கிருபை இல்லையாம்!

முல்லைக்கரை:
கிளிநொச்சிப் பக்கம் ஒரு செபக்கூட்டத்தில போதகர் ஒருத்தர் பேசின துண்டு இப்ப எல்லாற்ற போனிலயும் சுத்துது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடிப் படத்தோட றோட்டில இருக்கிற தாய்மாருக்குச் சமாதானம் இல்லையாம், ஏனெண்டா அவை இன்னும் கிருபையைப் பெறேல்லையாம். வேதத்தில வாற பவுல், சபையளுக்கு எழுதின நிருபங்களில (கடிதங்களில) எப்பவும் முதல்ல கிருபை, பிறகுதான் சமாதானம் எண்டு எழுதினவராம். கேட்டதில இருந்து வயிறு பத்தி எரியுது. 2017 பெப்ரவரி 20 கந்தசுவாமி கோயிலடியில போராட்டம் தொடங்கின நாளே என்ர அக்காவும் போய் இருந்தவ. சண்டை முடியேக்க மகனை வட்டுவாகலில ஆமியிட்டத் தன்ர கையால ஒப்படைச்சவ. ஞாயிறு பூசை தவறவிடாதவ. அவவுக்குக் கிருபை இல்லையெண்டு தீர்ப்புச் சொல்ல இவர் ஆர்?

கிளி_விசுவாசி:
அக்கா, ஆத்திரத்தில பேசாதேங்கோ. போதகர் வசனத்தைத்தான் சொன்னவர். ரோமர் 1:7, "கிருபையும் சமாதானமும் உண்டாவதாக". கொரிந்தியர், கலாத்தியர், எபேசியர், பிலிப்பியர், எல்லாத்திலயும் அதே வரிசை. பவுலின்ர 13 நிருபத்திலயும் கிருபைதான் முன்னுக்கு. வேர் இல்லாமல் காய் இல்லை.

முல்லைக்கரை:
எபேசியரையும் சொன்னியள், நல்லது. அதின்ர கடைசியைத் திறவுங்கோ. 6:23இல சகோதரருக்குச் சமாதானம். 24இலதான் கிருபை. அதே பவுல், அதே நிருபம், வரிசை மறுபக்கம். இதுக்கு என்ன சொல்லுறியள்?

கிளி_விசுவாசி:
அது விடைபெறுகிற வாழ்த்து. நான் சொன்னது தொடக்க வாழ்த்து. தொடக்கத்தில கிருபைதான் முதல்.

மடுப்பிள்ளை:
தம்பி, லூக்கா 1:28இல "அருள்மிகப் பெற்றவரே வாழ்க" எண்டு வானதூதர் சொன்னது ஆருக்கு? நீங்கள் கிருபை எண்டுறதைத்தான் நாங்கள் அருள் எண்டுறம். அடுத்த அதிகாரத்திலயே கோயிலில குழந்தை இயேசுவைக் கையில ஏந்தின சிமியோன் அதே தாய்க்கு, உமது உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும் எண்டு சொல்லுறார். அருள் நிறைஞ்சவளுக்கே வாள் எண்டா, எங்கட தாய்மாற்ற கண்ணீரைப் பார்த்து அருள் இல்லையெண்டு சொல்ல உங்களுக்கு வாய் வருதோ?

கிளி_விசுவாசி:
வந்திட்டினம் மரியாளைத் தூக்கிக்கொண்டு. 2008 ஏப்ரலில சண்டைக்குள்ள மடு மாதா கோயிலில இருந்து சிலையைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினதும் நீங்கள்தானே? காப்பாத்துகிறவவை நீங்கள் காப்பாத்தினியள்.

மடுப்பிள்ளை:
வாயை அடக்கிப் பேசும். 1999 நவம்பரில மடுக் கோயிலில தஞ்சம் புகுந்த சனம் செல் விழுந்து பிள்ளையளோட செத்தது. அதைக் கண்ட குருமார் திரும்பவும் அப்படி நடக்கக்கூடாதெண்டுதான் மாதாவைக் கொண்டுபோனவை. அவ இண்டைக்கும் மடுவிலதான் இருக்கிறா. 2015 ஜனவரியில பாப்பரசரும் அங்க வந்து மண்டாடிப்போட்டுத்தான் போனவர். உங்கட போதகர் அப்ப எந்த நாட்டில நிண்டவர்?

பரந்தன்_பொடியன்:
சண்டைக்கு முதல் உங்கட ஆக்கள் இஞ்ச எத்தினை பேர் எண்டு கேளுங்கோ அண்ணை. சண்டை முடிஞ்சு சனத்தை அடைச்சு வைச்ச மெனிக் பாம் முகாமில பால்மாப் பைக்கற்றோட வந்துதானே சபை வளர்த்தவை.

கிளி_விசுவாசி:
அந்தப் பால்மாவை வாங்கிக் குடிச்ச ஆக்கள்தான் இப்ப எழுதுகினம். குடிக்கேக்க கசக்கேல்லையோ? பூசையில ஆளுக்காள் கைகூப்பிச் சமாதானம் சொல்லிப்போட்டு, வீட்டை வந்து எல்லைவேலிக்குக் கத்தி தூக்கிறது ஆரெண்டும் எனக்குத் தெரியும். பெயர் சொல்லேல்ல. விசயத்துக்கு வாங்கோ. கிருபைதான் முதல்.

ஓய்வு_வாத்தியார்:
பிள்ளையள், கிருபையால மட்டுமே மீட்பு எண்டு கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் 1999 ஒக்ரோபர் 31 ஜேர்மனியில அவுஸ்பூர்க்கில ஒண்டாக் கையெழுத்து வைச்சாச்சு. 2006இல மெதடிஸ்தரும் சேர்ந்திட்டினம். நானூறு வருசத்துக்கு மேலான சண்டை அது. கிருபை எண்டா என்ன எண்டு முதல்ல...

பரந்தன்_பொடியன்:
வாத்தியார், அவுஸ்பூர்க் இருக்கட்டும். உங்கட சபை மதிலால எங்கட ஒழுங்கை ஒடுங்கினதுக்கு ஒரு கையெழுத்து வையுங்கோ பாப்பம்.

முல்லைக்கரை:
மதிலை விடுங்கோ. நான் கேட்டதுக்கு இன்னும் மறுமொழி இல்லை.

அக்கா அந்தப் படத்தை ரெண்டு பக்கமும் பிளாஸ்ரிக் போட்டு ஒட்டி வைச்சிருக்கிறா. ஏ9இல பஸ் போகேக்க எழும்புற புழுதி அதில படியும். சேலைத் தலைப்பால மெதுவாத் துடைப்பா, முதல் நெத்தி, பிறகு கன்னம். துடைச்சு மடியில வைச்சுக்கொண்டு செபமாலை சொல்லுவா. கிருபை இல்லாதவள் இப்பிடிச் செபிப்பாளோ?

பவுலும் தன்ர மாம்சத்தில இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூண்டு தரம் வேண்டினவர். கர்த்தர் முள்ளை எடுக்கேல்ல. "என் கிருபை உனக்குப்போதும்" எண்டார். கிருபையும் இருந்தது, முள்ளும் இருந்தது. எரேமியா 31இல இஸ்ரவேலின்ர தாய் ராகேல் பிள்ளையளுக்காக அழுது ஆறுதல் வேண்டாமெண்டு நிக்கிறா. கர்த்தர் அவவைப் பார்த்து உனக்கு விசுவாசம் காணாது எண்டு சொன்னவரோ? உன் பிள்ளையள் சத்துருவின்ர தேசத்தில இருந்து திரும்பி வருவினம் எண்டு வாக்குக் குடுத்தார். சமாதானம் இல்லாத இடத்தில சமாதானம் சமாதானம் எண்டு மேற்பூச்சுப் பூசுகிறவையைத்தான் அதே எரேமியா ஆறாம் அதிகாரத்தில கண்டிக்கிறார். உங்கட போதகர் எந்தப் பக்கம் நிக்கிறார் எண்டு நீங்களே பாருங்கோ.

கிறிஸ்து தாற சமாதானம் அழாமல் இருக்கிறது இல்லை. அவரே செத்துப்போன சினேகிதன் லாசருவின்ர கல்லறையடியில அழுதவர். பிள்ளை எங்க எண்டு கேக்கிற பலத்தை அக்காவுக்குக் குடுக்கிறதே கிருபைதான். அதை நான் பக்கத்தில இருந்து கண்டவள்.

கிளி_விசுவாசி:
இவ்வளவு எழுதியும் வரிசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. யூதா நிருபத்தின்ர வாழ்த்தை இழுக்கப் போறியளோ எண்டு பார்த்தன், அதுவும் இல்லை.

முல்லைக்கரை:
இழுக்கிறன். யூதா 1:2, இரக்கம், சமாதானம், அன்பு. கிருபை எண்ட சொல்லே இல்லை. அப்ப அந்த நிருபம் பெற்ற சனத்துக்கு சமாதானம் கிடைக்காதோ?

கிளி_விசுவாசி:
யூதா பவுல் இல்லை. நான் பவுலைத்தான் சொன்னன். 13 நிருபம்.

மடுப்பிள்ளை:
தீமோத்தேயுவுக்கு எழுதின ரெண்டிலயும் நடுவில இரக்கமும் இருக்கு. அதை உங்கட போதகர் தாண்டிப் போட்டாரோ?

கிளி_விசுவாசி:
இரக்கம் நடுவிலதான். முதல்ல கிருபை.

முல்லைக்கரை:
எபேசியர் 6:23.

கிளி_விசுவாசி:
அது முடிவு வாழ்த்து. ரோமர் 1:7ஐத் திரும்ப வாசியுங்கோ அக்கா.