உதவி: மனைவியின் ஸ்பொன்சர், 30 நாள் கடிதம் வந்திருக்கிறது (அவசரம்)

சுதன்_ஸ்காபரோ
எல்லோருக்கும் வணக்கம். மனைவியைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் செய்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. மெடிக்கல், பொலிஸ் றிப்போர்ட், கைரேகை எல்லாம் முடிந்தது. இப்போது இமிக்ரேஷனில் இருந்து ஒரு கடிதம். விண்ணப்பம் மறுக்கப்படலாம், 30 நாளுக்குள் விளக்கம் தரவும் என்று இருக்கிறது. 117 என்று ஏதோ இலக்கமும் போட்டிருக்கிறார்கள். யாருக்காவது இப்படி வந்ததா? பதில் எழுத மாதிரிக் கடிதம் இருந்தால் போடுங்கள். நாங்கள் எல்லாம் சரியாகத்தான் கொடுத்தோம். வேலைக்குப் போகிறேன், இரவு வந்து பார்க்கிறேன்.

மார்க்கம்_மதி
சுதன், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நீங்கள் சிற்றிசனா, பி.ஆரா (நிரந்தர வதிவிடமா)? கனடாவுக்கு எந்த வழியில் வந்தீர்கள்? மனைவி இப்போது எங்கே இருக்கிறார்? இரண்டு பேருக்கும் முதல் கலியாணமா? கடிதத்தின் திகதி என்ன? 30 நாள் நீங்கள் திறந்து பார்த்த நாளில் இருந்து இல்லை, கடிதத்தில் உள்ள திகதியில் இருந்து ஓடும்.

கிளி_அண்ணை
தம்பி பயப்படாதே. இது படப் பிரச்சினை. 2017இல் எனக்கும் இதே மாதிரிக் கடிதம் வந்தது. கலியாண வீட்டுப் படத்தில் சனம் காணாது, தாய் தகப்பன் சிரிக்கவில்லை, சோடி தள்ளி நிற்கிறது என்று பார்ப்பார்கள். நான் 340 படம் பிரிண்ட் எடுத்து ஒரு பெட்டியில் அனுப்பினேன். மூன்று மாதத்தில் விசா.

ஒழுங்குவிதி
20 படத்துக்கு மேல் வேண்டாம் என்று ஆவணப் பட்டியலிலேயே இருக்கிறது. இங்கே யாரும் வாசிப்பதில்லை. சுதன், வழிகாட்டி 5289 என்று ஒன்று இருக்கிறது, இலவசம். அதை ஒருமுறையாவது திறந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது. 117 என்பது இமிக்ரேஷன் ஒழுங்குவிதியின் இலக்கம். அதற்குள் உட்பிரிவுகள் இருக்கின்றன. எது என்று பார்த்து எழுதவும். "ஏதோ இலக்கம்" என்று எழுதினால் "ஏதோ பதில்"தான் வரும்.

ரேணு_பிரம்ரன்
வருமானம் காணாமல் இருக்கும். என் தங்கை அம்மா அப்பாவை எடுக்கும்போது மூன்று வருட வருமானம் கேட்டார்கள். நீங்கள் வரிப் பத்திரம் வைத்தீர்களா?

மார்க்கம்_மதி
ரேணு அக்கா, அது பெற்றோர் ஸ்பொன்சருக்கு. மனைவிக்கோ கணவனுக்கோ பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்றும் இல்லை. அரச உதவிப் பணத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு என்றால் அதற்கும் விலக்கு உண்டு.

சுதன்_ஸ்காபரோ
எல்லோருக்கும் நன்றி. 117(9)(டி) என்று இருக்கிறது. நான் பி.ஆர். படிக்க வந்து, வேலை செய்து, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (புள்ளி முறையில்) 2022 மார்ச்சில் கிடைத்தது. இரண்டு பேருக்கும் முதல் கலியாணம். மனைவி யாழ்ப்பாணம். 2023 ஓகஸ்டில் கோயிலில் கலியாணம், 400 பேர் வந்தார்கள், படத்துக்குக் குறைவே இல்லை. கடிதம் வந்து 19 நாள் ஆகிவிட்டது. ஏஜென்ட் அண்ணையின் மின்னஞ்சலுக்குத்தான் வந்தது, அவர் எனக்குப் பிந்தித்தான் அனுப்பினார்.

மார்க்கம்_மதி
அப்படியென்றால் மிச்சம் 11 நாள். சரி.

117(9)(டி) படத்துக்கோ வருமானத்துக்கோ வருவதில்லை. நீங்கள் பி.ஆர். ஆன நாளில் உங்களுக்கு ஒரு குடும்ப உறுப்பினர் இருந்தார், அவரை நீங்கள் காட்டவில்லை, அவரை இமிக்ரேஷன் பரிசோதிக்கவும் இல்லை. அதனால் அவரைக் குடும்ப வகுப்பில், அதாவது குடும்ப ஸ்பொன்சரில், எடுக்க முடியாது என்பதுதான் அந்தப் பிரிவு. கலியாணம் 2023 என்றால் இது உங்களுக்கு வரவே முடியாது. வந்திருக்கிறது. அப்போது எதையோ நீங்கள் சொல்லவில்லை. திருமணச் சான்றிதழை எடுத்து அதில் இருக்கிற திகதியை அப்படியே எழுதுங்கள். அழைப்பிதழில் உள்ளதை அல்ல.

கிளி_அண்ணை
மதி பிள்ளை தேவையில்லாமல் வெருட்டுகிறது. அவர்கள் பிழையான இலக்கத்தைப் போட்டிருப்பார்கள். எம்.பி. அலுவலகத்துக்குப் போ தம்பி, அரை மணித்தியால வேலை.

நிரூ
முதலில் ஜி.சி.எம்.எஸ். குறிப்பு (இமிக்ரேஷன் கணினியில் உள்ள உங்கள் கோப்பு) எடுங்கள். ஐந்து டொலர்தான். அதிகாரி உள்ளே என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று தெரியும்.

ஒழுங்குவிதி
அது கைக்கு வர ஒரு மாதம். இவருக்கு இருப்பது 11 நாள். கணக்குப் பாடம்.

சுதன்_ஸ்காபரோ
சான்றிதழில் 2021 டிசெம்பர் 14.

ஆனால் அது எழுத்து, அதாவது பதிவுக் கையெழுத்து மட்டும்தான். கோவிட் கொஞ்சம் அடங்கி நான் இரண்டு கிழமை லீவில் போயிருந்தேன். அப்பம்மாவுக்கு உடம்பு சரியில்லை, "எழுத்தையாவது வைத்துவிட்டுப் போ, கண்ணால் பார்த்துவிடுகிறேன்" என்று பிடிவாதம். பதிவாளர் வீட்டுக்கே வந்தார். பெரிய புத்தகத்தை வைக்க இடமில்லை என்று தையல் மிஷினுக்கு மேல் விரித்துத்தான் கையெழுத்துப் போட்டோம். தேத்தண்ணி, வடை, ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். ஆறு மணிக்கு மனைவி தகப்பனோடு மோட்டார் சைக்கிளில் தன் வீட்டுக்குப் போய்விட்டா. ஐந்தாம் நாள் நான் திரும்பிவிட்டேன். தாலி கட்டும்வரை ஒரு வீட்டில் இருக்கவே இல்லை. இதை எப்படிக் கலியாணம் என்று சொல்வது? அதனால்தான் பி.ஆர். பேப்பரில் ஒன்றும் மாற்றவில்லை. ஸ்பொன்சர் ஃபோமிலும் ஏஜென்ட் அண்ணை 2023 திகதிதான் போடச் சொன்னார்.

ஒழுங்குவிதி
நான் முதலிலேயே உட்பிரிவைக் கேட்டேன். சான்றிதழ் ஒரு திகதி சொல்கிறது, ஃபோம் வேறு திகதி சொல்கிறது. இரண்டையும் நீங்களே உறையில் வைத்துக் கொடுத்துவிட்டு "எல்லாம் சரியாகத்தான் கொடுத்தோம்" என்கிறீர்கள். எழுத்து எழுதினால் கலியாணம். முடிந்தது.

திருச்சி_செந்தில்
இது அநியாயமா இருக்கே. எங்க ஊர்ல தாலி கட்டினாத்தான் கல்யாணம். இந்து திருமணச் சட்டம் 7ஆவது பிரிவுப்படி சடங்குதான் திருமணம், 1967இல் தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்கு 7ஏ சேர்த்தார்கள், அதிலும் வாயால் உறுதி சொல்வதோ மாலை மாற்றுவதோ மோதிரமோ தாலியோதான். பதிவு அதற்கு அப்புறம். 2009 சட்டப்படி கல்யாணம் ஆகி 90 நாளுக்குள் பதிய வேண்டும், அது வெறும் சாட்சி. கையெழுத்து போட்டதுக்காக மனைவின்னு எப்படிச் சொல்ல முடியும்?

கிளி_அண்ணை
செந்தில் தம்பி, உங்கள் சட்டம் எங்கள் ஊரில் ஓடாது. அங்கே பதிவாளர் முன்னால் கையெழுத்து வைத்தால் புருஷன் பெண்சாதி. என் மச்சான் ஒருத்தன் எழுத்து முடிந்து, தாலிக்கு முதல் சம்பந்தம் குழம்பி, மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து எடுக்க இரண்டு வருடம் அலைந்தான். பெட்டையின் கையைக்கூடப் பிடித்ததில்லை. கட்டாத தாலிக்கு விவாகரத்து!

திருச்சி_செந்தில்
அதைத்தான் நானும் சொல்றேன், அது சரியா?

கிளி_அண்ணை
சரி பிழை வேறு, சட்டம் வேறு. தாலி கட்டிவிட்டுப் பதியாமல் ஓடினவர்களால் எத்தனை பெட்டைகள் கஷ்டப்பட்டது தெரியுமா? அதனால்தான் எங்கள் தாய் தகப்பன் முதலில் எழுத்து என்று நிற்கிறார்கள். அதுவும் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் கட்டாயம்.

ரேணு_பிரம்ரன்
அண்ணை சொல்வது உண்மை. ஆனால் எழுத்து வைத்துவிட்டு விசா வராமல் ஐந்து வருடம் தாய் வீட்டில் இருக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதையும் கதையுங்கள்.

நிரூ
சீதனம் பற்றியும் கதைப்போமே, இழை இன்னும் நீளும்.

மார்க்கம்_மதி
தயவுசெய்து. சுதனுக்கு நாள் ஓடுகிறது.

சுதன், கலியாணம் நடந்த நாட்டின் சட்டப்படி செல்லுபடியா என்றுதான் கனடா முதலில் பார்க்கும். இலங்கையில் உங்கள் பதிவு செல்லும். ஆகவே 2022 மார்ச்சில் நீங்கள் திருமணமானவர். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அன்றைக்கு ஒரு செய்தி அனுப்பி "எனக்குக் கலியாணம் ஆகிவிட்டது, மனைவி கூட வரவில்லை" என்று சொல்லி, அவ மெடிக்கலும் செய்திருந்தால் உங்கள் பி.ஆர். கொஞ்சம் பிந்தியிருக்கும், இன்றைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பி.ஆர். உறுதிப்படுத்தும்போது குடும்ப நிலை மாறியதா என்று கேட்டு ஏதாவது வந்ததா? வந்திருந்தால் நீங்கள் அனுப்பிய பதிலைத் தேடி எடுத்து வையுங்கள்.

இனி முக்கியமானது. "மறுத்தால் அப்பீல் செய்யலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாதாரண மறுப்பு என்றால் 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம், அங்கே மனிதாபிமானக் காரணத்தையும் பார்ப்பார்கள். ஆனால் குடும்ப வகுப்பிலேயே சேராதவர் என்று முடிவானால் அந்தக் காரணங்களைப் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை, குடிவரவுச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. அதனால் 25ஆம் பிரிவின் கீழ் மனிதாபிமான விலக்குத் தரும்படி இந்தப் பதிலிலேயே வெளிப்படையாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவர்களாக யோசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நிரூ
காட்டாத குடும்பத்தினரை எடுக்க 2019இல் ஒரு சலுகை வந்ததே? என் அண்ணா அதில்தான் மகனை எடுத்தார்.

மார்க்கம்_மதி
ஓம், 2019 செப்டெம்பர் 9இல் தொடங்கியது. ஆனால் அது அகதியாக வந்தவர்கள், இங்கே பாதுகாப்புக் கிடைத்தவர்கள், இல்லையென்றால் தாங்களே குடும்ப ஸ்பொன்சரில் வந்தவர்களுக்கு. உங்கள் அண்ணா அதில் ஒருவராக இருந்திருப்பார். சுதன் எக்ஸ்பிரஸ் என்ட்ரி, அதற்குள் வரமாட்டார்.

ரேணு_பிரம்ரன்
நான் ஒன்று சொல்லட்டா? விவாகரத்து எடுத்துவிட்டுத் திரும்பவும் பதிந்து புதிதாக ஸ்பொன்சர் செய்தால் என்ன? அப்போது 2021 என்ற திகதியே இராதே.

ஒழுங்குவிதி
திகதி இராது, ஆள் இருப்பார். பி.ஆர். ஆன அன்று இவருடைய குடும்ப உறுப்பினராக இருந்து பரிசோதிக்கப்படாதவர் என்பது அந்தப் பெண்ணோடு ஒட்டிக்கொண்டது. நூறு தரம் கட்டினாலும் போகாது. அதோடு "விசாவுக்காக விவாகரத்து" என்ற புதுச் சந்தேகமும் சேரும். அக்கா, தயவுசெய்து இப்படியான யோசனைகளை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ரேணு_பிரம்ரன்
உதவி செய்ய வந்தால் இப்படித்தான் மரியாதை. நல்லது.

மார்க்கம்_மதி
சுதன், இன்னொரு கேள்வி. எந்த டிராவில் (புள்ளி பார்த்து ஆட்களைக் கூப்பிடும் சுற்றில்) அழைப்பு வந்தது? தனியாள் என்று காட்டினால் புள்ளி கூடும், வயதுக்கு மட்டும் 100க்குப் பதில் 110. மனைவியை மறைத்து இலாபம் பார்த்தீர்கள் என்று அவர்கள் சொல்லக்கூடும்.

சுதன்_ஸ்காபரோ
2021 பெப்ரவரி 13. 75 புள்ளி இருந்தாலே கூப்பிட்ட டிரா. எனக்கு 430க்கு மேல் இருந்தது.

ஒழுங்குவிதி
27,332 பேரைக் கூப்பிட்ட டிரா. அதில் 430 இருந்தவர் பத்துப் புள்ளிக்காக மனைவியை மறைத்தார் என்று சொல்வது கஷ்டம். அதுவும் அழைப்பு வந்தபோது எழுத்தே நடக்கவில்லை. கூட வராத மனைவி என்று காட்டியிருந்தாலும் தனியாள் புள்ளிதான் போட்டிருப்பார்கள். மறைத்ததால் ஒரு சதமும் இலாபம் இல்லை. முதல் தடவையாக உங்களுக்குச் சாதகமாக ஒன்று எழுதுகிறேன், குறித்து வையுங்கள்.

மார்க்கம்_மதி
அதேதான். ஆனால் இதை நீங்களே எழுதி அனுப்ப வேண்டாம். 40ஆம் பிரிவு, அதாவது பிழையான தகவல் கொடுத்தது, உங்கள் சொந்த பி.ஆரையே தொடக்கூடியது. அது நிரூபணமானால் ஐந்து வருடத் தடை. இமிக்ரேஷன் லோயர் ஒருவரை நாளைக்கே பாருங்கள். அவரே கூடுதல் நாள் கேட்டு எழுதலாம். "அது நிச்சயதார்த்தம்தான்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சான்றிதழ் அவர்கள் கையில் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி, அந்தத் தையல் மிஷின் உட்பட. பதிவாளர் வந்தது, அவ அன்றே தாய் வீட்டுக்குப் போனது, 2023 வரை ஒரு வீட்டில் இருக்காதது, எங்கள் ஊரில் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரின் சத்தியக் கடதாசி, நீங்கள் போய் வந்த டிக்கெற், அனுப்பிய காசு, எல்லாம்.

ஏஜென்ட் அண்ணைக்கு லைசென்ஸ் இருக்கிறதா? லைசென்ஸ் கொடுக்கிற ஆலோசகர்களின் கல்லூரி இணையத்தில் பெயரைப் போட்டால் தெரியும்.

கிளி_அண்ணை
லோயருக்கு ஆயிரக்கணக்கில் போகும். ஏஜென்ட் பாவம், அவர்களும் சீவிக்க வேண்டும். எனக்குச் செய்தவர் 600 டொலர்தான் எடுத்தார், தங்கமான மனுசன்.

நிரூ
340 படத்தை அனுப்பச் சொன்ன தங்கமா?

கிளி_அண்ணை
விசா வந்ததா இல்லையா?

ஒழுங்குவிதி
படத்தையும் மீறி வந்தது.

*(இடையில் 14 பதில்கள் ஏஜென்ட், லோயர் கட்டணம் பற்றியவை. வேறு இழைக்கு மாற்றப்பட்டன.)*

மார்க்கம்_மதி
சுதன்? ஒன்பது நாள் ஆகிவிட்டது. பதில் அனுப்பியாயிற்றா?

சுதன்_ஸ்காபரோ
மன்னிக்கவும், டபுள் ஷிஃப்ட். லோயரைப் பார்த்தேன். மதி அக்கா சொன்னதைத்தான் அவரும் சொன்னார், 25ஆம் பிரிவு. கூடுதல் 15 நாள் கேட்டார், தந்திருக்கிறார்கள். ஏஜென்ட் அண்ணையின் பெயர் அந்த லிஸ்டில் இல்லை, போனும் எடுக்கவில்லை. அப்பம்மாவின் கடிதம் எடுக்கலாமா என்று லோயர் கேட்டார். அவ போன தை மாதம் போய்விட்டா. முடிவு வந்தால் எழுதுகிறேன்.

கிளி_அண்ணை
ஆழ்ந்த அனுதாபம் தம்பி. பதிலோடு படமும் கொஞ்சம் வை.

தர்சி_வவுனியா
சுதன் அண்ணா, என்ன முடிவு வந்தது? எட்டு மாதமாக இந்த இழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் அவருக்கும் இதே கடிதம் வந்திருக்கிறது. என்ன எழுதுவது என்று யாராவது கெதியாகச் சொல்லுங்கள்.

மார்க்கம்_மதி
தர்சி, எந்த உட்பிரிவு? அவர் எந்த வழியில் பி.ஆர். ஆனார்? எழுத்து எப்போது?