அன்றாட வாழ்க்கையில் கர்த்தருடைய அன்பைக் கண்டுகொள்ள பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது?

ஞாயிறுபள்ளி_டீச்சர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு பள்ளியில் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்காகக் கேட்கிறேன். "இந்த வாரம் கர்த்தருடைய அன்பை எதில் கண்டாய்?" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதச் சொன்னால் எல்லாத் தாளிலும் ஒரே நான்கு பதில்: சாப்பாடு, சுகம், அப்பா அம்மா, நல்ல மார்க். அடுத்த வாரமும் அதே நான்கு. வீட்டு ஜெபத்தில் பெரியவர்கள் சொல்வதும் இப்படித்தான் இருக்கிறது. "இந்த நாள் முழுவதும் காத்து வழிநடத்தினீரே, ஸ்தோத்திரம்" என்பது உண்மைதான். ஆனால் எந்த நாளுக்கும் அது பொருந்திவிடுகிறது.

இரவில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிள்ளைகளே செய்யக்கூடிய முறை ஏதாவது உண்டா? நடந்தது தற்செயலா, தேவனுடைய செயலா என்று கேட்டால் என்ன சொல்வது? வீட்டில் வியாதியோ வேலையிழப்போ இருக்கிற பிள்ளையிடம் இதை எப்படிப் பேசுவது? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

கதிர்க்கட்டு

டீச்சர், முதலில் கேள்வியை மாற்றுங்கள். "கர்த்தருடைய அன்பை எதில் கண்டாய்" என்று கேட்டால் பிள்ளை சரியான விடை என்ன என்றுதான் யோசிக்கும். பரீட்சைக் கேள்வி மாதிரி ஆகிவிடும். ரூத் 2:19-ல் நகோமி மருமகள் ரூத்திடம் கேட்டதைக் கேளுங்கள்: "இன்று எங்கே கதிர்பொறுக்கினாய், எவ்விடத்தில் வேலைசெய்தாய்?"

அந்தச் சாயங்காலத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மோவாபில் கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பியபோது நகோமி, கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்று ஊராரிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது ரூத் பக்கத்திலேயே நிற்கிறாள். ஊரில் வாற்கோதுமை அறுப்பு தொடங்கியிருக்கிறது. இரண்டும் அவள் கண்ணில் படவில்லை. பிறகு ஒரு நாள் ரூத் பொறுக்கிய கதிரைத் தட்டி அளந்து, ஏறக்குறைய ஒரு எப்பா கொண்டுவந்து வைக்கிறாள். சுமார் 22 லிட்டர் அளவு. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனைவிடச் சற்று அதிகம். அறுத்தவர்களுக்குப் பின்னால் போய்ச் சிந்தினதைப் பொறுக்குகிறவளுக்கு ஒரே நாளில் அவ்வளவு கிடைக்காது. மதியம் சாப்பிட்டுத் திருப்தியாகி மீதிவைத்த வறுத்த கோதுமையையும் எடுத்துக் கொடுக்கிறாள். நகோமி முதலில் பார்ப்பது அளவை. பிறகு இடத்தைக் கேட்கிறாள். பிறகு ஆளின் பெயர் வருகிறது, வயல்காரன் போவாஸ். அதற்கப்புறம்தான், 20-ம் வசனத்தில், கர்த்தருடைய தயையைப் பற்றிப் பேசுகிறாள்.

பொருள், இடம், ஆள், கடைசியில் கர்த்தர். நாம் செய்வது தலைகீழ். கர்த்தரில் தொடங்குவதால் கீழே இருக்கிற மூன்றையும் பார்க்காமலே ஆமென் சொல்லிவிடுகிறோம்.

செய்முறை இதுதான். ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு. போன் வேண்டாம், கையில் எடுத்ததும் வாட்ஸ்அப் திறந்துவிடும். ஒரு நாளுக்கு மூன்று வரி, அதற்கு மேல் கூடாது. ஒவ்வொரு வரியிலும் நேரம் இருக்கவேண்டும், என்ன நடந்தது என்பது இருக்கவேண்டும், யார் கையால் நடந்தது என்பதும் இருக்கவேண்டும். "சாப்பாடு" என்று வெறும் பெயரை எழுதினால் வரி முடியவில்லை என்று அர்த்தம். "ராத்திரி 8 மணி, அம்மா மீனில் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை என் தட்டில் வைத்தார்கள்" என்பது வரி. "காலை 7.40, பஸ்ஸில் உட்கார்ந்திருந்த பாட்டி கேட்காமலே என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்" என்பது வரி. எழுதி முடித்தபின் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தோத்திரம், சத்தமாக.

முதல் வாரம் சிரமப்படுவார்கள். ஆறாம் நாள் வாக்கில் "எழுத ஒன்றும் இல்லை" என்பார்கள். அப்போது "காலையில் எழுந்ததும் முதலில் யார் முகத்தைப் பார்த்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் வரி அங்கிருந்தே கிடைத்துவிடும்.

இன்னொன்று. ஆயிரம் ஸ்தோத்திர பலி சொல்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, நல்ல பழக்கம். அது கர்த்தர் யார் என்பதைச் சொல்லித் துதிப்பது. இந்த நோட்டு, அவர் இன்று எந்த வழியாக வந்தார் என்று தேடுவது. இரண்டும் வெவ்வேறு வேலை. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிடக்கூடாது.

---

அந்தோணியார்கோவில்_தெரு

கத்தோலிக்க மரபில் இதே தேடலுக்கு நல்ல முறை ஒன்று இருக்கிறது. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூல் 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு வெளிவந்தது. அதில் 43-ம் எண்ணில் ஆன்ம சோதனைக்கு ஐந்து படி கொடுத்திருக்கிறார்: பெற்ற நன்மைகளுக்கு நன்றி, தன் பாவங்களை அறிந்து நீக்க அருள்கேட்டல், எழுந்த நேரத்திலிருந்து மணிவாரியாக நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு கேட்டல், திருந்தும் உறுதி.

பலர் இதைப் பாவக் கணக்காகவே செய்கிறார்கள். முதல் படியை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு, மூன்றாவதில் போய் உட்கார்ந்து தங்களையே அடித்துக்கொள்கிறார்கள். ஒரு மாதத்தில் அது சுமையாகி நின்றுவிடும். இஞ்ஞாசியார் நன்றியை முதலில் வைத்ததற்கு அர்த்தம் உண்டு. அன்பு பெற்றிருக்கிறோம் என்று தெரிந்தவனுக்குத்தான் தன் தவற்றைப் பயமில்லாமல் பார்க்க முடியும். பதினைந்து நிமிடம் என்றால் நன்றிக்கு ஐந்து, நாளைத் திரும்பிப் பார்க்க ஆறு, மற்ற மூன்றுக்கும் சேர்த்து நான்கு. இந்தப் பங்கீடு அவர் எழுதியது அல்ல, பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்பதால் சொல்கிறேன்.

மணிவாரியாகப் பார்ப்பதை விடாதீர்கள். "இன்று எப்படி இருந்தது?" என்று மொத்தமாகக் கேட்டால் அன்றைக்குப் பட்ட ஒரு கோபம் முழு நாளையும் மூடிவிடும். எழுந்தது முதல் பள்ளி மணி வரை, மணி முதல் மதியச் சாப்பாடு வரை, சாப்பாடு முதல் வீடு வரை, வீடு முதல் இப்போது வரை என்று நான்கு துண்டாக்கிக் கேளுங்கள். கோபம் ஒரு துண்டில் இருக்கும். மற்ற மூன்று துண்டும் அப்போதுதான் வெளியே வரும்.

இறைவனின் அன்பு எந்தெந்த வழிகளில் வருகிறது என்பது அதே நூலில் 230-லிருந்து 237 வரையுள்ள எண்களில் இருக்கிறது. அன்பு சொல்லைவிடச் செயலில் வெளிப்படவேண்டும் என்று தொடங்குகிறார். பிறகு இறைவன் கொடுத்த கொடைகள். படைப்புகளில் அவர் குடியிருப்பது. படைப்புகள் எல்லாவற்றிலும் நமக்காக அவர் உழைப்பது. கதிரவனிலிருந்து கதிர்போல, ஊற்றிலிருந்து நீர்போல எல்லா நன்மையும் மேலிருந்து இறங்குவது. இதில் மூன்றாவதைப் பிள்ளைகளிடம் அவசியம் பேசுங்கள். இறைவன் நமக்காக உழைக்கிறார் என்ற எண்ணம் அவர்களுக்குப் புதிது. கொடுக்கிறவராக, காக்கிறவராக மட்டுமே கேட்டுப் பழகியிருப்பார்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிற தாயின் உழைப்புக்குள் இறைவனின் உழைப்பும் இருக்கிறது என்று சொன்னால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

இடம், நேரம்: சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடிந்ததும், பாய் விரிப்பதற்கு முன். படுத்துக்கொண்டு செய்தால் இரண்டாவது துண்டிலேயே தூங்கிவிடுவார்கள்.

---

மாராவின்_தண்ணீர்

கடைசிக் கேள்வியை யாரும் தொடவில்லை. அதுதான் கவனமாகக் கையாளவேண்டியது.

வியாதியுள்ள வீட்டுப் பிள்ளையிடம் "இதிலும் கர்த்தருடைய அன்பைப் பார்" என்று சொல்லாதீர்கள். எபிரெயர் 12-ல் சிட்சையைப் பற்றி, அதாவது தகப்பனைப்போல தேவன் கண்டித்துத் திருத்துவதைப் பற்றி வாசிக்கிறோம். அது தன்னைப் பற்றி ஒருவர் ஜெபத்தில் கண்டுகொள்ளவேண்டியது, அடுத்தவருடைய கட்டிலருகே நின்று நாம் சொல்வது அல்ல. யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்ததும்தான் கெட்டது.

சாட்சி சொல்லும் நேரத்திலும் ஒரு வாக்கியத்தைத் தடுத்துவிடுங்கள்: "அந்த விபத்தில் எத்தனையோ பேர் போனார்கள், என்னை மட்டும் கர்த்தர் நேசித்துக் காப்பாற்றினார்." அதே வகுப்பில் விபத்தில் அப்பாவை இழந்த பிள்ளை உட்கார்ந்திருந்தால் அதன் காதில் என்ன விழும்? லூக்கா 13-ல், சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். "நான் பிழைத்தேன், ஸ்தோத்திரம்" என்பதோடு நிறுத்தலாம். போனவர்களோடு ஒப்பிட நமக்கு உரிமை இல்லை.

நல்ல மார்க்குக்கும் இதே கதிதான். மார்க்கை அன்பின் அடையாளமாக ஒரு பிள்ளை எழுதும்போது, பெயிலான பிள்ளை மனசுக்குள் எதிர்க்கணக்குப் போடும். டியூஷன் சாரின் பொறுமையை எழுதச் சொல்லுங்கள், மார்க்கை அல்ல.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? 1 இராஜாக்கள் 19-ஐ வாசித்துக் காட்டுங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டும் என்று படுத்திருக்கிறான். தூதன் வந்து உபதேசம் பண்ணவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் காட்டுகிறான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறான், தூதன் விட்டுவிடுகிறான். இரண்டாம் தரம் தட்டி எழுப்பும்போது மட்டும், நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்கிறான். பிறகு ஓரேப் மலையில் அவன் கேட்ட அமர்ந்த மெல்லிய சத்தத்தை எல்லாரும் பிரசங்கிப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு அடை, ஒரு தூக்கம், இன்னொரு சாப்பாடு இருக்கிறது. சோர்ந்துபோன பிள்ளைக்கு அன்பு முதலில் வருவது அந்த வடிவில்தான்.

ஒன்றும் எழுத முடியாத ராத்திரிக்குச் சங்கீதம் 88-ஐக் கொடுங்கள். கடைசி வசனம்வரை இருட்டுதான். அது வேதத்துக்குள் இருப்பதே, அப்படியும் ஜெபிக்கலாம் என்பதற்கு அனுமதி.

---

ஞாயிறுபள்ளி_டீச்சர்

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. எலியாவின் அடையை இத்தனை நாள் தாண்டித் தாண்டியே வாசித்திருக்கிறோம் என்று இப்போதுதான் உறைக்கிறது. இன்னும் ஒரு சந்தேகம் மட்டும். "பாட்டி பையை வாங்கிக்கொண்டது எல்லா பஸ்ஸிலும் நடப்பதுதானே, அதில் கர்த்தர் எங்கே?" என்று பெரிய பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும். நோட்டை நான் வாங்கிப் பார்க்கலாமா?

---

கதிர்க்கட்டு

ரூத் 2:3-ஐத் திறந்து காட்டுங்கள். "தற்செயலாய்" அவள் போன வயல் போவாசுடையது என்று வேதமே எழுதியிருக்கிறது. ஆகவே தற்செயல் என்ற வார்த்தைக்குப் பயப்பட வேண்டாம். அந்த வயலில் அவளுக்காக எத்தனை கைகள் வேலை செய்தன என்று எண்ணச் சொல்லுங்கள். வயலோரத்தை முற்றும் அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே என்று லேவியராகமம் 19-ல் எப்போதோ கொடுக்கப்பட்ட சட்டம். அதை மதித்த ஒரு நிலக்காரன். அவளுக்கென்று வேண்டுமென்றே கொஞ்சம் சிந்திவிடுங்கள் என்று அவன் வேலைக்காரரிடம் சொன்ன வார்த்தை. அது ரூத்தின் காதில் விழுந்ததாக எழுதியில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கீழே கதிர் கிடந்தது என்பது மட்டும். எல்லா பஸ்ஸிலும் நடக்கிறது என்றால், அந்த ஊரில் வயலோரம் விடப்பட்டிருக்கிறது என்று பொருள். தினமும் நடப்பதால் அது சிறிதாகிவிடாது.

எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். பஸ் சீக்கிரம் வந்தது, சிக்னல் பச்சையானது, ஆகவே இந்தக் கோர்ஸில் சேருவது தேவசித்தம் என்று போகவிடாதீர்கள். இந்த நோட்டு நன்றி சொல்வதற்கு மட்டும். அதை வைத்து முடிவெடுக்க ஆரம்பித்தால் பிள்ளைகள் அடையாளம் தேடி அலைய ஆரம்பிப்பார்கள், அடையாளம் வராத அன்று பயப்படுவார்கள்.

நோட்டை வாங்கிப் பார்க்க வேண்டாம். பார்ப்பீர்கள் என்று தெரிந்தால் உங்களுக்காக எழுதுவார்கள், பழைய நான்கு பதில் திரும்ப வந்துவிடும். ஞாயிறு அன்று அவரவர் விரும்பின ஒரே ஒரு வரியை வாசிக்கட்டும். விரும்பாதவர் சும்மா இருக்கட்டும். நான்கு வாரம் கழித்துப் பக்கத்தின் அடியில் நான்காவதாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: இன்று யாருக்காக வேண்டுமென்றே ஒரு பிடி சிந்தவிட்டேன். அந்த வரியை வகுப்பில்கூட வாசிக்க வேண்டாம். போவாசும் அதை அவளிடம் சொல்லிக்காட்டினதாக எழுதியில்லை.